கனடா கன்ட்ரி பாட்டில் பின்னால் அழும் ஸ்டீல் கிட்டார்: யார் வாசித்தது, எப்படி வாசிப்பது

கேள்வி இதுதான்: பழைய கனடா கன்ட்ரி பாடல்களில் பாடகருக்குப் பின்னால் இழைந்து இழைந்து அழுவதுபோல் கேட்கும் கருவி எது, அதை வாசித்தவர்கள் யார், புதிதாக வாங்கிய ஆறு கம்பி லேப் ஸ்டீலில் (மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்) அந்தச் சத்தத்தைக் கொண்டுவர முடியுமா?

சுருக்கமாகச் சொன்னால், அது ஸ்டீல் கிட்டார். 1954-க்கு முன்னால் பதிவான பாட்டு என்றால் அநேகமாகப் பெடல் இல்லாத ஸ்டீல். அதற்குப் பின் என்றால் பெரும்பாலும் பெடல் ஸ்டீல், அதாவது காலால் பெடலை மிதித்துக் கம்பியின் ஸ்ருதியை மாற்றும் வகை. முதல் வகையை உங்கள் லேப் ஸ்டீலில் அப்படியே வாசிக்கலாம். இரண்டாவது வகையில் பாதிக்கு மேல் வராது. அது உங்கள் கையின் குறை அல்ல. அந்த இழைவில் பெரும்பங்கு பெடலோடு இணைந்த இயந்திரத்தின் வேலை.

யார் வாசித்தது என்பதற்குத்தான் ஒரே வரியில் பதில் கிடையாது. பாடகர் கனடாக்காரர் என்றால் ஸ்டீல் வாசித்தவரும் கனடாக்காரர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கனடாப் பாடகர் ஹாங்க் ஸ்னோவின் மிகப் பெரிய வெற்றிப் பாட்டில் வாசித்தவர் அமெரிக்காவின் நாஷ்வில்காரர். இன்னொரு கனடாப் பாடகரான நீல் யங்கின் 'ஹார்வெஸ்ட்' (1972) தொகுப்பில் வாசித்த பென் கீத் அமெரிக்கர். 1961-இல் பாட்சி கிளைனின் 'ஐ ஃபால் டு பீசஸ்' பாட்டில் வாசித்தவரும் அவரே. எதிர்ப்பக்கமும் உண்டு. பாப் டிலனின் 'பிளட் ஆன் தி டிராக்ஸ்' தொகுப்பில் 'மீட் மீ இன் தி மார்னிங்' பாட்டுக்குப் பெடல் ஸ்டீல் வாசித்த பட்டி கேஜ் டொரொண்டோவில் பிறந்தவர். எல்லைக்கோட்டை வைத்துப் பட்டியல் போட்டால் இரண்டு பக்கமும் ஆள் விடுபட்டுப்போகும்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாட்டுகளைக் கேட்பது எளிது. ஸ்டீல் கிட்டாரைக் கிடைமட்டமாக வைத்து வாசிப்பார்கள். கம்பிகள் பலகையிலிருந்து நன்றாகத் தூக்கி நிற்கும். ஃப்ரெட் என்று உலோகப் பட்டை எதுவும் கிடையாது, வரைந்த கோடுதான். இடது கையில் வழவழப்பான எஃகு உருளையைப் பிடித்துக் கம்பிமேல் வைத்து நகர்த்த வேண்டும். சித்திரவீணைக் கச்சேரி பார்த்தவர்களுக்கு இந்த முறை உடனே பிடிபடும். ஹவாய்த் தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான முறை இது. ஜோசப் கெகுகுவின் பெயரைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். 1915 சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சிக்குப் பிறகு வட அமெரிக்கா முழுக்க ஹவாய் இசைப் பைத்தியம் பிடித்தது. 1932-இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கரின் 'ஃப்ரையிங் பேன்' ஒரு லேப் ஸ்டீல். மின்சார கிட்டார் முதலில் காலூன்றியதே இந்த வடிவத்தில்தான்.

கனடாவின் கன்ட்ரி இசைத்தட்டுகள் ஒரே ஆள், ஒரே கிட்டார் என்று தொடங்கியவை. நோவா ஸ்கோஷியாவில் பிறந்த வில்ஃப் கார்ட்டர் 1933-இல் மாண்ட்ரியலில் ஆர்சிஏ விக்டருக்குப் பாடினார். அந்த முதல் தட்டின் ஒரு பக்கம் யோடல் பாட்டு. மறுபக்கம், வடக்கே ராட் ஆற்றுப் பகுதியில் போலீஸ் துரத்திய ஆல்பர்ட் ஜான்சனின் கதை. அந்த வேட்டை நடந்தது 1932-இல். அதாவது நேற்றைய செய்தி அடுத்த வருடம் பாட்டாகிவிட்டது. அதே நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஹாங்க் ஸ்னோ 1936-இல் மாண்ட்ரியலுக்கு வந்து பதிவு செய்தார். இருவருக்கும் கதைதான் முக்கியம், சொல் தெளிவாக விழ வேண்டும். கனடா கன்ட்ரியில் ஸ்டீல் ஏன் இவ்வளவு அடக்கமாக இருக்கிறது என்று கேட்டால் என் பதில் இந்தத் தொடக்கம்தான். பாட்டின் வரி முடிந்த பிறகு கிடைக்கும் இடைவெளிதான் ஸ்டீலுக்கு. வரியின்மேல் ஏறி வாசித்தால் கதை கெட்டுவிடும்.

அதன் பிறகு வந்தவை வானொலியும் தொலைக்காட்சியும். ஒன்டாரியோவின் விங்ஹாம் என்ற சிற்றூரிலிருந்து சிகேஎன்எக்ஸ் நிலையம் 1937 முதல் 'பார்ன் டான்ஸ்' நடத்தியது. இரவானால் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரிலிருந்து 50,000 வாட் டபிள்யூடபிள்யூவிஏ நிலையம் கனடாவின் கிழக்கு மாகாணங்கள்வரை எட்டியது. சிபிசி தொலைக்காட்சியில் 'கன்ட்ரி ஹோடவுன்' 1956 முதல் 1965 வரை; பிறகு டாமி ஹன்டர் நிகழ்ச்சி 1992 வரை ஓடியது. ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த டான் மெஸ்ஸர் நிகழ்ச்சியில் ராஜா ஃபிடில்தான், ஸ்டீலைத் தேடி அங்கே போக வேண்டாம். ஸ்டீலுக்குத் தினக்கூலி கொடுத்தவை டொரொண்டோ மதுக்கூடங்கள். குவீன் தெருவில் 1947-இல் திறந்த ஹார்ஸ்ஷூ டாவர்ன் அவற்றில் தலையானது. 1971-இல் ஏஎம் வானொலியில் 30 சதவீதம் கனடா இசை ஒலிக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்ததும், உள்ளூர் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இந்தக் கலைஞர்களுக்கு வேலை கூடியது.

எதைக் கேட்பது? முதலில் ஹாங்க் ஸ்னோவின் 'ஐ'ம் மூவிங் ஆன்' (1950). பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் 21 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. ஸ்டீல் ஜோ டால்பட், ஃபிடில் டாமி வேடன். ரயில் பாட்டு அது. அந்த ரயிலை ஓட்டுவது இந்த இரண்டு கருவிகளும்தான். பெடல் கிடையாது, எல்லாம் உருளையின் நகர்வு. ஸ்னோவுக்கு இந்த ஓசை எவ்வளவு பிடித்திருந்தது என்றால், நாஷ்வில் முழுக்கப் பெடலுக்கு மாறிய பின்னும் அவர் குழுவில் கேடன் ராபர்ட்ஸ் பெடல் இல்லாத ஸ்டீலையே சுமார் முப்பது வருடம் வாசித்தார். லேப் ஸ்டீல் வைத்திருப்பவர் கேட்டுப் பழக இதைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. அவரும் அமெரிக்கர்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ரயில் ஓசையை உங்கள் கருவியிலேயே இன்றைக்கே எடுக்கலாம். சி-6 டியூனிங் (திறந்த கம்பிகளை மீட்டினால் சி சிக்ஸ்த் கார்டு ஒலிக்கும்) வையுங்கள்: முதல் கம்பியிலிருந்து ஈ, சி, ஏ, ஜி, ஈ, சி. உருளையை 11-ஆம் கோட்டுக்கு அரைக் கோடு கீழே வைத்து, ஐந்தாம் கம்பியிலிருந்து முதல் கம்பி வரை ஒரே வீச்சில் மீட்டி, மெதுவாகக் கோட்டுக்கு ஏற்றி நிறுத்துங்கள். டி ஷார்ப், எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், பி, மேலே டி ஷார்ப் என்று ஐந்து சுரம் ஒலிக்கும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டீசல் எஞ்சின்களுக்கான ஏர்சைம் ஹார்ன்களை வடிவமைத்தவர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ராபர்ட் ஸ்வான்சன். அந்தக் குடும்பத்தில் அமெரிக்க டியூனிங் கொண்ட கே5எல்ஏ என்ற ஐந்து குழல் ஹார்ன் எழுப்புவது இதே ஐந்து சுரங்கள், இதே ஸ்தாயியில். ஸ்னோவின் பாட்டு நீராவிக் காலத்தது, ஹார்ன் பிந்தியது, ஒன்றைப் பார்த்து மற்றொன்று வரவில்லை. ஆனால் இந்தச் சுரங்கள் சேர்ந்த சிக்ஸ்த் கார்டைக் கேட்டதும் வட அமெரிக்கக் காதுக்கு ரயில் நினைவு வருவதில் ஆச்சரியம் இல்லை. கடைசியில் உருளையைத் தூக்காமல் இரண்டு கோடு கீழே சரியவிட்டு ஒலியைக் குறைத்தால் ரயில் போய்விடும்.

இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, இயன் அண்டு சில்வியா இணையர் அமைத்த 'கிரேட் ஸ்பெக்கிள்ட் பேர்ட்' குழுவின் 1970 தொகுப்பு. பட்டி கேஜ் அதில் ராக் கிட்டாருக்குச் சமமான வேகத்தில் வாசிக்கிறார். அடக்கம் என்று நான் மேலே சொன்னதற்கு விதிவிலக்கு இவர். அதே வருடம் டொரொண்டோவிலிருந்து வின்னிபெக் வழியாகக் கால்கரி போன 'ஃபெஸ்டிவல் எக்ஸ்பிரஸ்' ரயிலில் இந்தக் குழுவும் இருந்தது, கிரேட்ஃபுல் டெட் குழுவும் இருந்தது. டெட்டின் ஜெரி கார்சியா அப்போது நியூ ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ் குழுவுக்கும் பெடல் ஸ்டீல் வாசித்துவந்தார். 1971-இல் அவர் விலகிய இடத்துக்கு வந்தவர் கேஜ். 2020-இல் காலமானார்.

மூன்றாவது, கார்டன் லைட்ஃபுட்டின் 'தி ரெக் ஆஃப் தி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்' (1976). இதைக் கன்ட்ரி என்று சேர்க்கலாமா என்று சண்டை போடுபவர்கள் உண்டு. லைட்ஃபுட் 'கன்ட்ரி ஹோடவுன்' நிகழ்ச்சியின் ஆடல் பாடல் குழுவிலிருந்து வந்தவர். எனக்கு அது போதும். 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரியில் 29 பேருடன் மூழ்கிய சரக்குக் கப்பலின் கதை இது. டொரொண்டோவின் ஈஸ்டர்ன் சவுண்ட் கூடத்தில் அடுத்த மாதமே பதிவானது. லீட் கிட்டார் டெரி கிளெமென்ட்ஸ். பெடல் ஸ்டீல் பீ வீ சார்ல்ஸ், இயற்பெயர் எட் ரிங்வால்ட். ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள். கிட்டாருக்குப் பின்னால் காற்றுபோல் எழுந்து அடங்கும் ஓசையில் கம்பியை மீட்டிய சத்தமே இருக்காது. வால்யூம் பெடலை மூடிவைத்து மீட்டி, பிறகு திறந்திருப்பதால் தொடக்கம் மறைந்துவிடுகிறது. அதே பாட்டில் சிந்தசைசரும் இருப்பதால் குழப்பம் வரும். சுரம் மாறும்போது ஒரு குரல் அப்படியே நிற்க, இன்னொன்று மட்டும் வழுக்கிப் போனால் அது ஸ்டீல்.

நடனக் கூடத்துக்குரிய அசல் ஹாங்கி டாங்க் ஸ்டீல் வேண்டுமென்றால் 1974-இல் டொரொண்டோவில் தொடங்கிய பிரெய்ரி ஆய்ஸ்டர் குழுவின் டெனிஸ் டெலார்ம். மெதுவான பாட்டுகளுக்கு கிம் டெஷாம்ப்ஸ். கவ்பாய் ஜங்கீஸ் குழு 1987 நவம்பர் 27 அன்று டொரொண்டோவின் ஹோலி டிரினிடி தேவாலயத்தில் ஒரே மைக்கை நடுவில் வைத்துப் பதிவுசெய்த 'தி டிரினிடி செஷன்'இல் அவர் இருக்கிறார். ஒரே மைக் என்பதால் பிறகு யாருடைய ஒலியையும் தனியாகக் கூட்டிக் குறைக்க வழி இல்லை; மைக்கிலிருந்து யார் எவ்வளவு தூரம் என்பதுதான் மிக்ஸிங். அங்கே ஸ்டீல் தானாகவே பின்னால் நிற்கிறது. டெஷாம்ப்ஸ் பிறகு 1993 முதல் சில வருடம் புளூ ரோடியோ குழுவில் வாசித்தார். கியூபெக்கின் ஹல் நகரில் பிறந்த டேனியல் லான்வா வேறு வழியில் போனவர்: 1983-இல் பிரையன் ஈனோவின் 'அப்பல்லோ' தொகுப்பை ஒன்டாரியோ ஹாமில்டனில் பதிவுசெய்தபோது, விண்வெளிப் படத்துக்கான இசையில் பெடல் ஸ்டீலை மிதக்கவிட்டார்.

இனி பெடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். திருப்புமுனை, வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' (1954) பாட்டில் பட் ஐசக்ஸ் வாசித்தது: கார்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து, அதில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றினார். இன்று கன்ட்ரிக்கு வழக்கமான ஈ-9 டியூனிங் உள்ள கழுத்தில் பத்துக் கம்பி. முதல் கம்பியிலிருந்து எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. இந்த வரிசையில் மேலிருந்து கீழே ஒழுங்காக இறங்காத முதல் இரண்டு கம்பிகள் விரைவு ஓட்டத்துக்காகப் பின்னால் சேர்த்தவை. ஏ பெடல் 5-ஆம், 10-ஆம் கம்பிகளைப் பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும். பி பெடல் 3-ஆம், 6-ஆம் கம்பிகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-க்கு ஏற்றும். சி பெடல் 4-ஆம் கம்பியை எஃப் ஷார்ப்புக்கும் 5-ஆம் கம்பியை சி ஷார்ப்புக்கும் கொண்டுபோகும். முழங்கால் லீவர்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று 4, 8-ஆம் கம்பிகளை எஃப்-க்கு ஏற்றும் எஃப் லீவர், மற்றது அவற்றையே டி ஷார்ப்புக்கு இறக்குவது.

ஜி மேஜர் கார்டு இந்தக் கழுத்தில் மூன்று இடத்தில் இருக்கிறது: 3-ஆம் கோட்டில் பெடல் இல்லாமல், 6-ஆம் கோட்டில் ஏ பெடலோடு எஃப் லீவர், 10-ஆம் கோட்டில் ஏ, பி இரண்டும் சேர்த்து. கேட்பவரை உருக்குவது மூன்றாவது இடம். 10-ஆம் கோட்டில் 3, 4, 5-ஆம் கம்பிகளைப் பெடல் இல்லாமல் மீட்டினால் டி மேஜர். உருளையை அசைக்காமல் இரண்டு பெடலையும் மெதுவாக மிதித்தால் ஜி மேஜர். நடுக் கம்பியின் டி அசையாமல் நிற்க, எஃப் ஷார்ப் ஜி-யாகவும் ஏ பி-யாகவும் ஏறுகின்றன. அழுகை என்று காதில் விழுவது இந்த ஏற்றம்தான். உருளை ஒன்றையே வைத்து இதை எடுக்க முடியாது, உருளை நகர்ந்தால் எல்லாக் கம்பியும் சேர்ந்து நகரும்.

ஆனாலும் லேப் ஸ்டீலில் ஒரு குறுக்கு வழி உண்டு. சி-6 டியூனிங்கில் 7-ஆம் கோட்டில் 1, 2, 3-ஆம் கம்பிகள் பி, ஜி, ஈ. உருளைக்குப் பின்னால், டியூனிங் சாவிகள் உள்ள தலைப்பக்கமாக, மோதிர விரலால் முதல் கம்பியை மட்டும் அரைச் சுரம் உயரும்வரை இழுத்தால் பி ஏறி சி ஆகும். கிடைப்பது சி மேஜர். ஜி ஸ்கேல் பாட்டில் நாலாம் கார்டுக்கு இது அப்படியே பொருந்தும். அரைச் சுரம் என்பதால் விரலுக்குப் பெரிய சிரமம் இல்லை. முழுச் சுரம் இழுக்கப் போனால் ஸ்ருதி தவறும், உருளையும் கோட்டைவிட்டு விலகும்.

இதைவிட முக்கியமான பயிற்சி இரட்டைச் சுரம். வரி முடிந்த இடைவெளியை நிரப்புபவை பெரும்பாலும் இவைதான். ஜி ஸ்கேலுக்கு: 2, 5-ஆம் கம்பிகள் 7-ஆம் கோடு, பிறகு 1, 4-ஆம் கம்பிகள் 5, அதே கம்பிகள் 7, மறுபடி 2, 5-ஆம் கம்பிகள் 12, 14, மீண்டும் 1, 4-ஆம் கம்பிகள் 12, 14, கடைசியாக 2, 5-ஆம் கம்பிகள் 19. மேலே ஒலிக்கும் சுரத்தை மட்டும் கவனித்தால் ஜி, ஏ, பி, சி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி என்று முழு ஸ்கேலும் வந்துவிடும். உருளையைச் சாய்க்கத் தேவையே இல்லை. இதை ஏறியும் இறங்கியும் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் அளவுக்குப் பழகிவிட்டால் ஸ்னோ காலத்துப் பாட்டு எதற்கும் பக்கவாத்தியம் செய்யலாம்.

சத்தம் சரியில்லை என்றால் பெரும்பாலும் காரணம் கம்பிதான். லேப் ஸ்டீலில் சாதாரண கிட்டார் செட்டைப் போட்டுவிட்டு உருளை உரசுகிறது, கரகரக்கிறது என்று குறைப்படுபவர்கள் ஏராளம். 0.010 அங்குலக் கம்பி உருளையின் எடையில் தொய்ந்து ஸ்ருதி ஏறிவிடும். 22.5 அங்குல அளவுள்ள கருவிக்கு சி-6 டியூனிங்கில் 0.015, 0.018, 0.022, பிறகு சுற்றுக் கம்பியாக 0.026, 0.030, 0.036 போடுங்கள். உருளை 7/8 அங்குல விட்டம் இருந்தால் லேப் ஸ்டீலுக்கும் போதும், பின்னாளில் பெடல் ஸ்டீலுக்கும் உதவும். அழுத்த வேண்டாம், அதன் எடையே போதுமானது. உருளையின் நடு கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கோடு விலகித் தெரியும். தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து நேர் மேலிருந்து பாருங்கள்.

உருளைக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டுவிரலும் கம்பிமேல் இலேசாகப் படுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உருளைக்கும் கருவியின் தலைப்பக்கத்துக்கும் நடுவிலுள்ள கம்பித் துண்டு தனியாகச் சிணுங்கும். அதிர்வு கொடுப்பதிலும் நிதானம் வேண்டும். கோட்டின் இருபுறமும் சிறிதாக, மெதுவாக. கோட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே தொடங்க வேண்டும். போகும்போதே ஆட்டினால் ஸ்ருதி தெரியாததை மறைக்கிறார் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

வலது கையில் கட்டைவிரலுக்கு ஒரு பிளாஸ்டிக் பிக், இரண்டு விரலுக்கு உலோகப் பிக். அடுத்த சுரத்தை மீட்டுவதற்கு முன் உள்ளங்கை ஓரத்தால் பழைய சுரத்தை அணைப்பதை 'பாம் பிளாக்கிங்' என்கிறார்கள். இதில் ஒரு மாதம் சலிப்பாகப் போகும். தாண்டிவராமல் விட்டவர்கள் வாசிப்பு எத்தனை வருடமானாலும் கலங்கலாகவே இருக்கும்.

வால்யூம் பெடலைத் தவறாகப் புரிந்துகொள்வதும் சகஜம். ஒவ்வொரு சுரத்துக்கும் மேலும் கீழும் அடிப்பதற்கல்ல அது. பாதி அளவு திறந்த நிலையில் மீட்டுங்கள். கம்பியின் ஒலி தேயத்தேயப் பெடலை அழுத்திக்கொண்டே போய் அளவைச் சமமாக வைத்திருங்கள். ஆம்ப்ளிஃபயரில் டிஸ்டார்ஷன் வேண்டாம், சிறிது ரீவெர்ப் போதும். ஒலி மூக்கால் பாடுவதுபோல் இருந்தால் 800 ஹெர்ட்ஸ் பக்கம் குறையுங்கள். டிரெபிளைக் கூட்டி அதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். காது வலிப்பதுதான் மிச்சம்.

டியூனருடைய ஊசி நடுவில் நின்றும் கார்டு கசக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: மேஜர் கார்டின் மூன்றாம் சுரம் சம அளவு டியூனிங்கில் இயற்கையான இடத்தைவிட 14 சென்ட் (ஒரு சென்ட் அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) உயரமாக இருக்கிறது. ஸ்டீல் நீண்டு ஒலிக்கும் கருவி என்பதால் அந்த உராய்வு காதில் குத்தும். அதனால் ஈ-9-இல் ஜி ஷார்ப் கம்பிகளையும் ஏ பெடல் தரும் சி ஷார்ப்பையும் சுமார் 10 முதல் 14 சென்ட் இறக்கி வைப்பது வழக்கம். பியானோவோடு வாசிக்கும்போது கொஞ்சம் குறைவாக இறக்குங்கள். இன்னொன்று, பெடலை மிதித்தால் மற்றக் கம்பிகள் ஓரிரண்டு சென்ட் தாழும். உடற்பலகை இழுவிசையில் வளைவதால் வருவது. எந்தக் கருவியிலும் முழுதாகப் போகாது. தாழ்வு 5 சென்ட்டைத் தாண்டினால் மட்டும் கவலைப்படுங்கள்.

கனடாவில் இருந்துகொண்டு வாசிப்பவர் என்றால் குளிர்காலத்துக்கென்று ஒரு ஒழுங்கு வேண்டும். மைனஸ் 25 டிகிரியில் காரிலிருந்து இறக்கிய கேஸை மண்டபத்துக்குள் வந்ததும் திறக்கக் கூடாது. சில்லிட்ட உலோகத்தின்மேல் அறையின் ஈரம் படியும், சேஞ்சரின் (பெடலை மிதிக்கும்போது கம்பியை இழுத்துத் தளர்த்தும் பகுதி) விரல்களுக்கு நடுவே துரு தொடங்கும். மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். திறந்த பிறகும் உடனே டியூன் செய்து பயனில்லை. கம்பி சூடேறி நீள நீள ஸ்ருதி இறங்கிக்கொண்டே வரும். ஹீட்டர் ஓடும் வீட்டின் வறட்சியில் மேப்பிள் பலகை சுருங்குவதால் திருகுகள் தளரும். டிசம்பரில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை கால் பொருந்தும் இடங்களையும் பக்கத் தகடுகளையும் இறுக்கிப் பாருங்கள்.

லேப் ஸ்டீலில் கை படிந்து, பழைய பெடல் ஸ்டீல் ஒன்றை வாங்கலாம் என்று தோன்றினால், மூன்று பெடல், நான்கு லீவர் உள்ள ஒற்றைக் கழுத்து ஈ-9 போதும். இரட்டைக் கழுத்து மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்பட்டால் கேஸோடு 30 கிலோவை நெருங்கும் சுமையை மாடிப்படியில் தூக்க வேண்டும். பார்க்கப் போகும்போது டியூனரைக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு பெடலையும் மிதித்து விட்டபின் கம்பி பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாமல் உயரமாகவே நின்றால் பெரும்பாலும் சேஞ்சரில் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். நாப்தாவில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டால் சரியாகிவிடும். விலையைக் குறைத்துப் பேச நல்ல சாக்கு. சேஞ்சரின் விரல்களில் கம்பி படும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அது வேறு கதை. வழவழப்பாகத் தேய்த்துத் தர ஆள் வேண்டும்.

புதிய வகைக் கருவிகளில் திறந்த கம்பியை முதலில் தலைப்பக்கச் சாவியில் டியூன் செய்துவிட்டு, பிறகு பெடலை மிதித்தபடி வலது பக்கத் தகட்டிலுள்ள நைலான் மரையை 3/16 அங்குலச் சாவியால் திருப்ப வேண்டும். வரிசையை மாற்றினால் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

பெடல் ஸ்டீலில் அறுந்துபோகும் கம்பி பெரும்பாலும் மூன்றாவதுதான். 0.011 அங்குலத்தில், 24 அங்குல நீளத்தில், ஜி ஷார்ப்புக்கு இழுத்துக் கட்டியிருக்கும்போதே தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பி பெடல் ஒவ்வொரு மிதிக்கும் அதை ஏ-க்கு ஏற்றிச் சேஞ்சர் விளிம்பில் அதே புள்ளியில் மடக்குகிறது. முழு செட் வாங்கும்போது மூன்றாம் கம்பியை மட்டும் தனியாக அரை டஜன் சேர்த்து வாங்கி, கேஸுக்குள் போட்டுவையுங்கள்.